கண்ணாடிப் புட்டிகள் காய்த்த மரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் உள்ளது மிசிசிப்பி மாநிலம். அங்கே சிம்ப்சன் என்னும் வட்டாரத்தில் 1941-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று உண்டு. எடுத்தவர் யூடோரா வெல்ட்டி. பின்னாளில் அமெரிக்கச் சிறுகதை ஆசிரியர்களுள் தலைசிறந்தோரில் ஒருவராக மதிக்கப்பெற்ற பெண்மணி. படத்தில் இருப்பது எளியதொரு வீடு. அதன் முன்றிலில் கிளைகள் தறிக்கப்பட்ட மரங்கள் நிற்கின்றன. கிளை நுனிகளில் கண்ணாடிப் புட்டிகள் கவிழ்த்துச் செருகப்பட்டிருக்கின்றன. காய்க்காத மரத்தில் கண்ணாடி காய்த்தது போன்ற அக்காட்சியைக் கண்டவர் எளிதில் மறப்பதில்லை.

இன்று அமெரிக்காவில் தோட்டம் வளர்ப்போர் பலர் இத்தகைய மரங்களை அழகுக்காக அமைத்துக்கொள்கின்றனர். நீலம், பச்சை, சிவப்பு எனப் பல நிறப் புட்டிகள் வெயிலில் மின்னுகின்றன. மரம் இல்லாதோர்க்கு இரும்புக் கம்பிகளாலான மரங்கள் கடைகளிலேயே விற்கப்படுகின்றன. வாங்குவோரில் எத்தனை பேர், முதன்முதலில் மரத்தில் புட்டியை மாட்டிய கைகள் யாருடையவை என்று எண்ணிப் பார்க்கிறார்கள்? அந்தக் கைகளைத் தேடிப் போனால் வழி கடலைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குச் செல்கிறது. கத்தோலிக்கராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய, அறிந்தால் தலைகுனிய வேண்டிய ஒரு வரலாற்றுக்கும் அது நம்மை இட்டுச்செல்கிறது.

முன்றிலில் ஒரு காவல்

புட்டி மரங்களை நட்டவர்கள் அந்நாட்டின் கறுப்பின மக்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அவர்களிடையே வழங்கிய நம்பிக்கை இது: தீய ஆவிகள் இரவில் வீடுகளைத் தேடி உலவுகின்றன. மரத்தில் மின்னும் நிறங்களைக் கண்டு மயங்கிப் புட்டியின் வாய்வழியே உள்ளே நுழைகின்றன. திரும்பும் வழி அறியாமல் சிக்கிக்கொள்கின்றன. விடிந்ததும் கதிரவனின் ஒளி பட்டு அழிகின்றன. காற்று வீசும்போது புட்டிகளில் எழும் முனகல், சிக்கிய ஆவியின் குரல் என்றனர்.

எல்லா நிறங்களிலும் நீலமே சிறந்ததெனக் கருதப்பட்டது. நீலம் வானத்தின் நிறம். நீரின் நிறமும் அதுவே. ஆவியால் நீரைக் கடக்க இயலாது என்பது அவர்கள் எண்ணம். தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோரத்தில் வாழும் ‘கல்லா’ எனப்படும் கறுப்பின மக்கள் தம் வீட்டுக் கதவு நிலைகளுக்கும் தாழ்வாரக் கூரைக்கும் நீல வண்ணம் தீட்டியதும் இதனால்தான்.

வெல்ட்டி அம்மையார் 1942-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘லிவ்வி’ என்னும் சிறுகதையிலும் இம்மரங்கள் வருகின்றன. முதியவர் ஒருவர் தம் வீட்டைக் காக்கும் பொருட்டு முன்றில் மரங்களில் புட்டிகளை மாட்டிவைத்திருக்கிறார். கதையில் அவர் தேர்ந்துகொண்ட மரம் ‘கிரேப் மிர்ட்டில்’. நம் நாட்டுப் பூமருதுக்கு நெருங்கிய உறவு. தாவரவியலார் அதற்கு இட்ட பெயரிலேயே ‘இண்டிகா’ என்னும் சொல் உண்டு. ஆசியாவிலிருந்து போய் வேரூன்றிய மரத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து போய் வேரூன்றிய வழக்கம் ஏறி அமர்ந்துகொண்டது.

இதனை மூடநம்பிக்கை எனக் கூறி நகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். புட்டிக்குள் ஆவி சிக்குமென நாம் நம்ப வேண்டியதில்லை. எனினும் எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரயேலர், அழிவு தங்கள் வீட்டைக் கடந்து போகும்படி கதவு நிலைகளில் ஆட்டின் இரத்தத்தைத் தெளித்ததை ஆண்டுதோறும் பாஸ்கா காலத்தில் வாசிக்கக் கேட்பவர்கள் நாம். அடிமைப்பட்ட ஒரு மக்கள் தம் வாசலில் அடையாளம் ஒன்றை வைத்துக்கொள்வதன் பொருளை நாம் சற்றேனும் உணர வேண்டாமா?

காங்கோவின் சிலுவை

இவ்வழக்கத்தின் வேரை ஆராய்ந்தோருள் குறிப்பிடத்தக்கவர், யேல் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த இராபர்ட் ஃபாரிஸ் தாம்ஸன். 1983-இல் வெளிவந்த தம் நூலில் அவர் இதனை நடு ஆப்பிரிக்காவின் காங்கோ மக்களது மரபுடன் இணைத்துக் காட்டினார். மரங்களில் கலங்களையும் புட்டிகளையும் கட்டி, இறந்த முன்னோரின் துணையால் இல்லத்தைக் காத்துக்கொள்ளும் மரபு அது.

இம்மரபின் சாயலைக் காட்டும் பழைய எழுத்துச் சான்று ஒன்றைத் தந்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. ப்ரொயார் என்னும் பிரெஞ்சுக் குருவானவர், காங்கோவுக்கு வடக்கிலுள்ள லோவாங்கோ நாட்டைப் பற்றி மறைபரப்பாளர்கள் தந்த செய்திகளைத் தொகுத்து 1776-இல் ஒரு வரலாற்று நூல் வெளியிட்டார். அந்நாட்டார் நிலத்தைப் பண்படுத்தியபின், விளைச்சல் பொய்க்காமலும் தீவினை அணுகாமலும் இருக்கும்பொருட்டு மரக்கிளைகளை ஊன்றி, உடைந்த பானைத் துண்டுகளையும் அவற்றோடு வைப்பர் என்று அந்நூல் குறிக்கிறது. கிளையும் கலமும் அங்கேயே ஒன்றுசேர்ந்துவிட்டன. பானையின் இடத்தில் கண்ணாடி வந்து அமர்வதே எஞ்சியிருந்தது.

காங்கோ மக்களின் உலகப் பார்வையில் வாழ்வோரின் உலகுக்கும் இறந்தோரின் உலகுக்கும் இடையே நீர்ப்பரப்பு ஒன்று உண்டு. அதனைக் ‘கலுங்கா’ என்றனர். கதிரவன் எழுந்து, உச்சிக்கு ஏறி, சாய்ந்து, நீருக்கடியில் மறைந்து மீண்டும் எழுவது போலவே மனித உயிரும் சுழல்கிறது என்று நம்பினர். இந்தச் சுழற்சியை ஒரு சிலுவைக் குறியாக வரைந்தனர். கிடைக்கோடு நீர், நெடுக்கோடு இரண்டு உலகங்களையும் இணைக்கும் பாதை. நீரைப் போல ஒளிரும் பொருள்கள் யாவும், கண்ணாடியும் சிப்பியும் உட்பட, அந்த மறு உலகை நினைவூட்டின. அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்களின் பழைய கல்லறைகள்மீது சிப்பிகளும், உடைந்த பீங்கான் கலங்களும், விளக்குகளும், கண்ணாடிகளும் வைக்கப்பட்டிருப்பதன் பொருளும் இதுவே.

இந்தக் காங்கோ யாருக்கும் தெரியாத காட்டு நாடன்று. 1480-களில் போர்த்துக்கீசியர் அங்கே சென்றபோது, தலைநகரும் மாநிலங்களும் கொண்ட வலிமை மிக்க அரசைக் கண்டனர். 1491-ஆம் ஆண்டு அரசர் உன்சிங்கா அ உன்குவு திருமுழுக்குப் பெற்று யோவான் என்னும் பெயர் பூண்டார். அவர் மகன் அஃபோன்சோ ஆழ்ந்த பற்றுறுதியுடன் நாடெங்கும் மறையைப் பரப்பினார். அஃபோன்சோவின் மகன் ஹென்ரிக்கே குருவாகி, 1518-இல் திருத்தந்தை பத்தாம் லியோவால் ஆயராக நியமனம் பெற்றார். 1596-இல் காங்கோவின் தலைநகர் ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. இன்று அங்கோலா நாட்டில் இம்பன்சா காங்கோ எனப்படும் அந்நகரை 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தூய சவேரியார் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்வதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, அதே போர்த்துக்கீசிய அரசின் ஆதரவோடு காங்கோவில் திருச்சபை வேர்விட்டிருந்தது. அவ்வகையில் அவர்கள் நமக்கு மூத்த உடன்பிறப்புகள்.

மரியன்னை பிறந்த நாளுக்கு மறுநாள்

ஆயினும் குருக்களை ஏற்றிவந்த கப்பல்களே திரும்பும்போது மனிதரை ஏற்றிச் சென்றன. அஃபோன்சோவும் அடிமை வணிகத்துக்கு அந்நியர் அல்லர். போரில் பிடிபட்டோரை அவரும் விற்றார். ஆனால் வணிகர்களின் பேராசை எல்லை கடந்து, அவருடைய குடிமக்களையும் பெருங்குடிப் பிள்ளைகளையும் கூட விலங்கிட்டு இழுத்துச் செல்லத் தொடங்கியது. 1526-இல் அவர் போர்த்துக்கீசிய அரசர் மூன்றாம் யோவானுக்கு மடல் எழுதி முறையிட்டார். தம் நாடு ஆளற்றுப் போகிறதென வருந்தினார். கிறிஸ்தவ அரசர் ஒருவர் இன்னொரு கிறிஸ்தவ அரசருக்கு விடுத்த அந்த முறையீடு வணிகத்தை நிறுத்தவில்லை. அடுத்து வந்த மூன்றரை நூற்றாண்டுகள் வரை நீண்ட அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் ஆப்பிரிக்கர் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் 1 கோடியே 7 இலட்சம் பேரே உயிரோடு கரை சேர்ந்தனர். காங்கோ, அங்கோலாக் கரைகளிலிருந்து ஏற்றப்பட்டோர் அவர்களுள் பெரும்பகுதியினர்.

இன்று அமெரிக்காவாக உள்ள தென் கரோலினாவில் 1739-ஆம் ஆண்டு செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். பறையொலித்து, கொடி பிடித்து, தெற்கே ஸ்பானியர் வசமிருந்த ஃப்ளோரிடாவை நோக்கி நடந்தனர். அங்கே தப்பி வருவோருக்கு விடுதலை அளிப்பதாக ஸ்பானியர் அறிவித்திருந்தனர். இக்கிளர்ச்சியில் ஈடுபட்டோர் காங்கோவிலிருந்து வந்த கத்தோலிக்கர் என்று வரலாற்றாசிரியர் ஜான் தார்ண்டன் 1991-இல் எடுத்துரைத்தார். முந்திய நாள், செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழா. அந்நாளின் நினைவே அவர்களை எழச் செய்தது என்று மார்க் ஸ்மித் என்னும் வரலாற்றாசிரியர் கருதுகிறார். வேளாங்கண்ணியில் கொடியேற்றி நாம் கொண்டாடும் அதே நாளைச் சங்கிலியில் கிடந்த மக்களும் நெஞ்சில் ஏந்தியிருந்தனர் என்று எண்ணும்போது உள்ளம் கனக்கிறது.

கிளர்ச்சியில் வெள்ளையர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிளர்ந்தெழுந்த அடிமைகளில் பெரும்பாலோர் களத்திலும் பின்னர் தேடிப்பிடிக்கப்பட்டும் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு, 1740-இல், அம்மாநிலம் கடுஞ்சட்டம் ஒன்றை இயற்றியது. அடிமைகள் கூட்டமாகக் கூடலாகாது. பறை முழக்கலாகாது, கொம்பு ஊதலாகாது. அவர்களுக்கு எழுதக் கற்பிப்பதும் குற்றம். தம் கதையைத் தாமே எழுதிவைக்கும் வழி அம்மக்களுக்கு அடைக்கப்பட்டுவிட்டது. அவர்கள் மரபைக் காகிதங்களில் தேடுவோர்க்கு மிகுதியாக ஒன்றும் கிட்டாததற்குக் காரணம் இதுவே. கல்லறைமீது வைத்த சிப்பியிலும், கதவு நிலையில் தீட்டிய நீலத்திலும், கிளையில் கவிழ்த்த புட்டியிலும்தான் அதனைத் தேட வேண்டியிருக்கிறது. பறையைப் பிடுங்கியவர்களுக்கு மரத்தில் தொங்கும் வெற்றுக் கலம் ஒன்றும் ஆபத்தாகத் தோன்றவில்லை போலும்.

இவ்விடத்தில் நம் மனச்சான்றையும் கேட்டுக்கொள்வது நேர்மை. 1838-ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலத்து இயேசு சபையினர், தங்களுக்குரியவர்களாயிருந்த 272 அடிமைகளை லூசியானாவின் தோட்ட முதலாளிகளுக்கு விற்றனர். கடனில் மூழ்கியிருந்த ஜார்ஜ்டவுன் கல்லூரியைக் கரையேற்ற அப்பணத்தின் ஒரு பகுதி பயன்பட்டது. விற்கப்பட்டோர் கத்தோலிக்கர், விற்றோரும் கத்தோலிக்கர். அடுத்த ஆண்டே, 1839 டிசம்பரில், திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வணிகத்தைக் கண்டித்து மடல் வெளியிட்டார். 1992-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், செனகல் நாட்டின் கோரே தீவில், அடிமைகள் அடைத்துவைக்கப்பட்ட இல்லத்தில் நின்று, கிறிஸ்தவர்கள் இழைத்த இக்கொடுமைக்காக மன்னிப்பு வேண்டினார்.

எறியப்பட்டதை எடுத்தவர்கள்

புட்டி மரங்கள் பெருகியதற்குத் தொழில் வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. ஊதுகுழலால் ஒவ்வொன்றாக ஊதிச் செய்யப்பட்ட காலத்தில் கண்ணாடிப் புட்டி விலையுயர்ந்த பொருள்; கழுவிக் கழுவிப் பயன்படுத்துவர். 1903-ஆம் ஆண்டளவில் ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் தானே இயங்கிப் புட்டி வார்க்கும் இயந்திரத்தை உருவாக்கினார். புட்டியின் விலை சரிந்தது. ஏழைகளின் கைக்கும் புட்டிகள் வந்தன. காலியானபின் எறியப்படவும் தொடங்கின. வயிற்றுக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் மில்க் ஆஃப் மக்னீசியா என்னும் மருந்து கோபால்ட் உலோகத்தால் நீல நிறமேற்றிய புட்டிகளில் வந்தது. விரும்பிய நீலம் இவ்வாறு காசின்றிக் கிடைத்தது. பிறர் பயன்படுத்தி எறிந்ததை எடுத்துத் தம் வீட்டுக்கு வேலியாக்கிக்கொண்டனர், எதுவும் இல்லாதவர்கள்.

அவர்கள் அஞ்சியது ஆவிகளுக்கு மட்டுந்தானா? 1865-இல் அடிமைமுறை ஒழிந்தபின்னும் மிசிசிப்பியின் இரவுகள் அச்சம் நிறைந்தவையாகவே இருந்தன. 1877-க்கும் 1950-க்கும் இடையே அம்மாநிலத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வெறிகொண்ட கும்பல்களால் கொல்லப்பட்டனர். பலர் மரக்கிளைகளிலேயே தூக்கிலிடப்பட்டனர். குதிரையிலும் வண்டியிலும் தீவட்டியோடு வந்த அந்த மனிதர்களை எந்தப் புட்டியும் தடுக்கவில்லை. தடுக்காது என்பதை மாட்டியவர்களும் அறிந்திருப்பர். ஆயினும் கொலைக்கருவியாக்கப்பட்ட அதே மரத்தை, தம் முன்றிலில் ஒளியும் காவலும் தரும் பொருளாக அவர்கள் ஆக்கி வைத்தனர். அச்சத்தில் வாழும் மனிதர் தம் வாசலைத் தாமே அழகுபடுத்திக்கொள்வது, நான் இன்னும் மனிதன்தான் என்று உலகுக்குச் சொல்வதாகும்.

1910-க்கும் 1970-க்கும் இடையே ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். முன்றில்கள் காலியாயின, புட்டி மரங்கள் பல மழையிலும் காற்றிலும் உதிர்ந்தன. பின்னர் தோட்டக்கலை ஆர்வலர்கள் இவ்வழக்கத்தைக் கையிலெடுத்தனர். கலிஃபோர்னியாவில், பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலையருகே ஓரோ கிராண்டே என்னுமிடத்தில், எல்மர் லாங் என்பவர் 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, தம் தந்தை சேர்த்துவைத்த புட்டிகளைக் கொண்டு 200-க்கும் மேற்பட்ட இரும்பு மரங்களை எழுப்பினார். 2019-இல் அவர் மறைந்தார். தந்தையின் நினைவாகப் புட்டிகளை ஒளியில் நிறுத்திய அம்மனிதரைக் குறைகூற எனக்கு மனமில்லை. மறைந்தோரின் நினைவும் கண்ணாடியின் ஒளியும் அங்கேயும் ஒன்றுசேர்ந்தன அல்லவா?

பெயரற்றவர்கள்

அச்சம் நீங்கி அழகு எஞ்சுவது நல்லதே. எந்த மக்களும் என்றென்றும் இரவுக்கு அஞ்சி வாழ வேண்டியதில்லை. ஒரு மக்களின் கைவண்ணத்தைப் பிறரும் கண்டு மகிழ்ந்து கைக்கொள்வதிலும் தவறில்லை. ஆனால் அழகை எடுத்துக்கொண்டு அதனைப் படைத்தவரை மறப்பது ஒருவகைக் களவு. காங்கோ மக்களிடமிருந்து முதலில் உடல்கள் பறிக்கப்பட்டன. பின்னர் பறையும் எழுத்தும் பறிக்கப்பட்டன. எஞ்சிய நினைவையும் ‘தோட்ட அலங்காரம்’ என்று பெயரிட்டுக் கடையில் அடுக்கிவிட்டால், அவர்களுக்கென்று மிஞ்சுவது என்ன?

துயருறுவோரின் கண்ணீரை இறைவன் ஒரு தோற்பையில் சேர்த்துவைக்கிறார் என்பது திருப்பாடல் தரும் உருவகம். கலம் ஒன்றில் காத்துவைக்கப்படும் கண்ணீர்! அந்தப் புட்டிகளில் ஆவிகள் சிக்கினவோ இல்லையோ, ஒரு மக்களின் கண்ணீர் தங்கியிருந்தது என்பதில் ஐயமில்லை. அதனைக் கண்டுகொள்வதற்கு நாம் அமெரிக்கா போகவேண்டும் என்பதுமில்லை. அழகிய பொருள் ஒன்று கண்ணில் படும்போது, இதைச் செய்த கை எது, அந்தக் கை என்ன துன்பம் கண்டது என்று கேட்கும் பழக்கம் போதும்.

வெல்ட்டியின் நிழற்படத்துக்கு இடப்பட்ட தலைப்பு ‘புட்டி மரங்கள் உள்ள வீடு, சிம்ப்சன் வட்டாரம், 1941’ என்பது. வீடு இருக்கிறது, மரங்கள் இருக்கின்றன, ஊரும் ஆண்டும் இருக்கின்றன. புட்டிகளைக் கழுவித் துடைத்து, ஏணி வைத்தோ எட்டிப் பிடித்தோ ஒவ்வொன்றாய்க் கிளையில் மாட்டியவரின் பெயர் மட்டும் அந்தத் தலைப்பில் இல்லை. இறைவனின் ஏட்டில் அது இருக்கும் என்பது நம் நம்பிக்கை.